என்னமோ என்று ஓர் உறுப்பு

தமிழ் மொழியிலிருந்து ஒரு வாக்கியத்தை நிரந்தரமாக ஒழித்துவிட்டதாகக் கோமதிநாயகம் அறிவித்தபோது, அரங்கத்தில் இருந்த பத்திரிகையாளர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. வலது கடைவாய்ப் பல்லின் ஈறு வீங்கிக் கன்னம் புடைத்திருந்ததால், நினைத்திருந்தாலும் சிரித்திருக்க முடியாது.

"அந்த வாக்கியம், ‘என்னமோ செய்யுது’ என்பது" என்றான் ஒலிபெருக்கியில். "காலங்காலமாக நம் மக்கள் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து இதைத்தான் சொல்லிவருகிறார்கள். தலை வலித்தால் தலைவலி. வயிறு வலித்தால் வயிற்றுவலி. ஆனால் ‘என்னமோ’ என்று ஓர் உறுப்பு மனித உடம்பில் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன். இனி எந்த நோயாளியும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கழுத்தைக் காட்டினால் போதும்."

பலமான கைதட்டல். அவன் பின்னால் தொங்கிய பேனரில் ‘என்னமோ செய்யுது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் இந்தப் பக்கம் அவன் படம், அந்தப் பக்கம் அமைச்சர் படம். அமைச்சர் நாளைக் காலை நேரில் வருகிறார். தென் மாவட்டங்களில் மட்டும் ஓராண்டாக இருக்கும் காவல்மணியை மாநிலம் முழுமைக்கும் அர்ப்பணிக்கப்போகிறார். இடம் இதே பாளையங்கோட்டை, இதே மருத்துவமனை, இதே அரங்கம். பொறியாளர் கோமதிநாயகத்துக்கு வயது இருபத்தெட்டு. மணியின் மூளையை எழுதியவன் அவன்தான்.

காவல்மணி மிளகு அளவுதான் இருக்கும். கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். ரத்தத்தை ஓயாமல் மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சரியென்றால் தோல் வழியே பச்சையாக மினுங்கும். கிருமித்தொற்று முற்றி உயிரைக் குடிக்கும் செப்சிஸ் வரப்போகிறது என்றால் மஞ்சள். வந்துவிட்டால் சிவப்பு.

நல்ல பொருள்தான். முதல் ஆறு மாதத்தில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. அதன் பிறகு மனிதர்கள் அதை நம்பத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடங்களில் காய்ச்சல் விடுப்புக் கடிதத்தை வாங்க மறுத்தார்கள். "கழுத்து பச்சையா இருக்குல்லா, போய் உக்காரு." மில்லில் சூப்பர்வைசர்கள் நாடி பிடிப்பதுபோல் காலரைப் பிடித்து விலக்கிப் பார்த்தார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு கழுத்துப் படமும் கேட்டார்கள். பெண் கழுத்தில் மஞ்சள் ஏறுவதற்கு முன்னால் மஞ்சள் இருக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த அலமாரி. ஆன்டிபயாடிக்கை மிட்டாய்போலத் தின்று கிருமிகளுக்கு உரமேற்றிவிட்டோம் என்று, மெடிக்கல் ஷாப்புகளில் அதை விற்கக் கூடாதென்று தடை வந்துவிட்டது. மருந்தெல்லாம் மருத்துவமனைகளின் இரும்பு அலமாரிக்குள் போயிற்று. நோயாளியின் கழுத்தை அலமாரியின் கண்ணாடிப் புள்ளிக்கு நேராகக் காட்ட வேண்டும். மஞ்சளோ சிவப்போ என்றால் திறக்கும். பச்சைக்குத் திறக்காது. டாக்டர் சொன்னாலும் திறக்காது. டாக்டர்கள் இரக்கப்படுவார்கள் என்பதால் அப்படி அமைத்தவன் கோமதிநாயகம். அதற்காக அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள்.

அரங்கத்தைவிட்டு வெளியே வந்தபோது வராந்தாத் தூணில் சாய்ந்து மகராசன் நின்றுகொண்டிருந்தான்.

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. நான்காம் வருடம் மகராசனின் அப்பா தவறிப்போக, படிப்பை விட்டுவிட்டு முருகன்குறிச்சியில் அவருடைய மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்துவிட்டான். நாயகத்தின் பல்வலிக்கு ஐந்து நாளாக மாத்திரை கொடுப்பவனும் அவன்தான்.

"என்னல, பேச்சக் கேக்க வந்தியா?" என்றான் நாயகம். "முடிஞ்சு போச்சு. போண்டா மட்டும் மிச்சம் இருக்கு."

மகராசன் போண்டாவுக்கு அசையவில்லை. அதுவே முதல் அபாயக்குறி. நாயகம் அதைக் குறியாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் போண்டா அவன் எழுதிய நிரலில் இல்லை.

"ஏல நாயகம்" என்றான் மகராசன், மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டு. "என்னமோ செய்யுதுல."

நாயகம் இரண்டு பக்கமும் பார்த்தான். பத்திரிகையாளர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

"வெளையாடாத."

"வெளையாடல. நெசமா என்னமோ செய்யுது."

"என்ன செய்யுதுன்னு சொல்லு. நெஞ்சு வலிக்கா? வயிறா? தலையா?"

"அது தெரிஞ்சா சொல்ல மாட்டனால? வலின்னு இல்ல. ஒரு மாதிரி... உள்ளக்கூடி எதோ கெளம்பிப் போற மாதிரி."

"என்ன கெளம்புது? வள்ளியூர் பஸ்ஸா?" நாயகம் அவன் காலரை விலக்கினான். கழுத்தெலும்புக்குக் கீழே நல்ல பச்சை. "பாரு. புல்லு மாதிரி இருக்கு. மாடு பாத்தா மேஞ்சிரும். செமஸ்டர் பரிச்சைக்கு முந்துன நாளும் இதத்தாம்ல சொல்லுவ."

"அப்பமும் நெசமாத்தாம்ல செஞ்சுது" என்று சிரிக்கப் பார்த்தான் மகராசன். உதடு மட்டும் ஒத்துழைத்தது. அவன் தூணைவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தான். அடுத்த அடி வரவில்லை.

நாயகம் தாங்கிப் பிடித்தபோது மகராசனின் உள்ளங்கை ஐஸ்கட்டிபோல் இருந்தது. சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் எதுவும் அப்படி இருப்பதற்கு நியாயம் இல்லை.

அவசரப்பிரிவில் டியூட்டி டாக்டர் ஜெபக்கனி. நாசரேத்துக்காரி. நாயகத்தைவிட இரண்டு வயது கூடுதல். அந்தக் கேடயம் கொடுத்த நாளிலிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"வாங்க எஞ்சினியரே. பச்சை ஆளக் கூட்டிட்டு வந்திருக்கிய? ஒங்க சட்டப்படி பச்சைக்குக் கட்டில் கெடையாதே?"

"நட்டுக்க நிக்க முடியல டாக்டர், வெயில்ல வந்திருக்கான். ஒரு பாட்டில் குளுக்கோஸ் மட்டும்..."

ஜெபக்கனி அதற்குள் பிரஷர் பார்க்கும் கைப்பட்டையைச் சுற்றிவிட்டாள். அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். முகத்திலிருந்த கேலி இறங்கிவிட்டது. மகராசனின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த இடம் வெளுத்தபடியே நின்றது. ரத்தம் யோசித்து யோசித்துத் திரும்பி வந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். இரண்டு முட்டியிலும் ஊதா நிறத்தில் வலைவலையாகப் படர்ந்திருந்தது. இடது குதிகாலில் ஒரு கட்டு. பிரித்ததும் அறை முழுக்க நாற்றம்.

"இது எப்பம்?"

"போன வாரம்" என்றான் மகராசன். "கடை ஷட்டர் தகரம் கீறிட்டு. காஞ்சிரும்."

"ஒண்ணுக்கு எப்பப் போனிய?"

மகராசன் நெடுநேரம் யோசித்தான். பிறகு நாயகத்தைப் பார்த்து, "வார்டன் சார், மெஸ் பில்லு நாளைக்குக் கட்டிருதேன்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. காலையில் அரங்கத்தில் சிரிக்காமல் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது.

"செப்சிஸ்" என்றாள் ஜெபக்கனி. நர்ஸிடம் இரண்டு கையிலும் ஊசி போட்டுச் சலைன் ஏற்றச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "நல்லா முத்தி நிக்கி. பிரஷர் கீழ போயிட்டு."

"இருக்க முடியாது" என்றான் நாயகம். "பச்சையா இருக்கே."

"நானும் அதத்தாம் ஒரு வருசமா வாறவங்ககிட்டச் சொல்லிட்டிருக்கேன். எத்தன பேரத் திருப்பி அனுப்பினனோ, ஆண்டவருக்குத்தாம் தெரியும்." அவள் குரல் தாழ்ந்தது. "ஒங்க மணி எதக் கேக்கு? கிருமியையா?"

"இல்ல. கிருமியத் தேடினா லேட்டாயிரும். கிருமியப் பாத்து நம்ம உடம்பு போடுற கூச்சல் இருக்குல்லா, ரத்தத்துல வர்ற அந்த ரசாயனம், அதத்தாம் கேக்கும்."

"சரியாத்தாம் கேட்டிருக்கிய. செப்சிஸ்ல ஆளக் கொல்லுறது கிருமி மட்டும் இல்ல. ஊருக்குள்ள ஒரு திருடன் வந்துட்டான்னு நெனச்சுக்காங்க. ஊரே தீப்பந்தத்தத் தூக்கிட்டுக் கெளம்புது. சந்து சந்தாத் தேடுது. திருடன் ஆப்புட்டானோ என்னமோ, கூரையெல்லாம் பத்திக்கிட்டு. ரத்தக்குழாய் ஒழுகும், பிரஷர் விழும், கிட்னி வேலைய நிறுத்தும், மூளை வார்டனத் தேடும். கொளுத்துனது பூரா நம்ம ஆளுவ."

"அப்பம் கூச்சல் கேக்கணும்லா? ஊரே எரியுது, எம் மணிக்கு ஏன் கேக்கல?"

கட்டிலில் இருந்து மகராசன் கையை நீட்டினான். சட்டைப் பையிலிருந்து சின்னக் காகித உறை ஒன்றை எடுத்து, கடையில் இருக்கிற நினைப்பில், நாயகத்திடம் கொடுத்தான். "இந்தாங்க அண்ணாச்சி. ஒரு செட்டு போட்டாச் சரியாயிரும். சாப்பிட்டுட்டுப் போடுங்க."

செட்டு மாத்திரை. அந்த ஜில்லாவில் அதைத் தின்னாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். காய்ச்சல், கைகால் வலி, இடுப்புப் பிடிப்பு, மருமகளோடு சண்டை, எல்லாவற்றுக்கும் கடையில் போய் "ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு போடுங்க" என்றால் போதும். நாலு மாத்திரையை வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பார்கள். என்ன மாத்திரை என்று யாரும் கேட்பதில்லை. ஆன்டிபயாடிக் தடைக்குப் பிறகு செட்டில் ஓர் இடம் காலியானது. கடைக்காரர்கள் அந்த இடத்தை வேறொன்றால் நிரப்பினார்கள்.

ஜெபக்கனி உறையைக் கவிழ்த்தாள். ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு பெரிய வெள்ளை. கடைசியாக, பொட்டு அளவில் ஒரு சின்ன வெள்ளை.

"ஸ்டீராய்டு" என்றாள். "புண்ணுக்கு இதத்தாம் தின்னிருக்காரு."

நாயகத்துக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைத் தள்ளிப்போட அவன் மூளை ஒரு வழி தேடியது. கிடைக்கவில்லை.

"கூச்சல அடக்கிருமா?"

"அது அதுக்குத்தாம் இருக்கு. வலி போகும், வீக்கம் வத்தும், காய்ச்சல் எறங்கும். ஆளு நல்லா இருக்கேம்பான். வாயத்தாம் கட்டுது எஞ்சினியரே. தீப்பந்தம் புடிச்ச கையக் கட்டல. ஒங்க ஆராய்ச்சியில செட்டு மாத்திரை திங்கிற ஆளு எத்தன பேரு?"

ஒருவரும் இல்லை. ஆராய்ச்சி பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. அங்கே வந்தவர்களிடம் ‘வழக்கமாக உட்கொள்ளும் மருந்து’ என்னவென்று கேட்டார்கள். செட்டை யார் மருந்து என்று சொல்வார்கள்? காப்பியைக்கூடச் சொல்லியிருப்பார்கள்.

"ஊசி மருந்து வேணும், இப்பவே" என்றாள் ஜெபக்கனி. "சலைன் மட்டும் வெச்சு இழுத்துட்டுப் போக முடியாது. அலமாரியத் தொறங்க."

இரண்டு பேருமாகக் கட்டிலை அலமாரி வரை தள்ளிக்கொண்டு போனார்கள். மகராசனின் கழுத்தைக் கண்ணாடிப் புள்ளிக்கு நேரே வைத்தார்கள். அலமாரி ஒரு கணம் யோசித்துவிட்டு, இனிமையான பெண் குரலில், "நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். நன்றி" என்றது.

மகராசன் அதற்கும் "சரிங்கம்மா" என்றான். அவன் மூச்சு ஓடி வந்தவன் மூச்சுபோல் இரைத்தது.

"கையால தொறக்க வழியே இல்லியா?"

"இல்ல" என்றான் நாயகம்.

இருந்தது. அவன் கைப்பேசிக்குள் ஒற்றை வரிக் கட்டளையாக இருந்தது. ஆனால் அது ஓர் அலமாரிக்கு மட்டும் வேலை செய்யாது. அனுப்பினால் தென் மாவட்டங்களில் உள்ள அத்தனை அலமாரியும் ஒரே நேரத்தில் பூட்டை இழக்கும். மணியின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அதை எழுதியவனே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். நாளை அமைச்சர் வந்து பேனருக்கு மாலை போட வேண்டியதுதான்.

அவன் கை பேண்ட் பையில் வேறொன்றைத் தொட்டது.

காட்சிமணி. அமைச்சர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் காட்டுவதற்கென்று செய்த பொய்மணி. ரப்பர் துண்டில் பதித்திருக்கும். அழுத்தினால் சிவப்பாகும். அலமாரியும் நம்பித் திறக்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். யாரும் திருடிப் போய் மருந்து எடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு முறைதான் எரியும்படி செய்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று. நாளைக் காலைக்காக.

அது இல்லாவிட்டால் நாளை அமைச்சர் முன்னால் அலமாரி திறக்காது. "நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். நன்றி" என்று அமைச்சருக்குச் சொல்லும். அமைச்சருக்கு அது பிடிக்கும்தான், ஆனால் நிறுவனத்துக்குப் பிடிக்காது.

"என்ன யோசிக்கிய?" என்றாள் ஜெபக்கனி. மானிட்டரின் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. "ஏ, ஒங்க சேக்காளி சாவுதான்!"

நாயகம் ரப்பர் துண்டை எடுத்து, கண்ணாடிப் புள்ளிக்கு நேராகப் பிடித்து அழுத்தினான். சிவப்பு பளீரென்று எரிந்து, ஊதுவத்தி வாசனையோடு கருகியது. அலமாரி திறந்தது. ஒரு வருடத்தில் அந்த அலமாரிக்குச் சொன்ன முதல் பொய்யால் அன்று சரியான மருந்து வெளியே வந்தது.

ஜெபக்கனி கையை உள்ளே விட்டாள். தனக்கு வேண்டிய குப்பிகளை அள்ளிக்கொண்டாள். அலமாரி தானாகவே சாத்திப் பூட்டிக்கொண்டது.

வெயில் சாயும்வரை யாரும் உட்காரவில்லை. புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். பிரஷர் ஏற்றும் மருந்து ஒரு குழாயில், சலைன் இன்னொன்றில். நாயகத்துக்குக் கொடுத்த வேலை, கட்டிலுக்கு அடியில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்துக்கொண்டிருப்பது. கேடயம் வாங்கிய பொறியாளன் குந்தி உட்கார்ந்து காலிப் பையை முறைத்துக்கொண்டிருந்தான். தேர்வு முடிவுக்குக்கூட அவன் அப்படிக் காத்திருந்ததில்லை. கடைசியில் குழாயில் ஒரு மஞ்சள் துளி உருண்டு வந்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"டாக்டர்! வருது!"

"ஊருக்கே கேக்கும்படி கத்தாதிய" என்றாள் ஜெபக்கனி. ஆனால் அவளும் குனிந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மகராசன் கண்ணைத் திறந்தான். "ஏல... ஏங் கட்டிலுக்கு அடியில என்ன பண்ணுத?"

"ஒன் மூத்திரத்தப் பாத்துட்டு இருக்கேன்."

"படிச்ச பய" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனான். கழுத்தில் பச்சை, சாகக் கிடந்தபோது இருந்த அதே பச்சை, மினுங்கிக்கொண்டிருந்தது.

ஜெபக்கனி கை கழுவியபடி சொன்னாள். "இன்னைக்கு இவரு. நாளைக்கு எத்தன பேரு பச்சைக் கழுத்தோட வந்து நிப்பாங்க? பூட்டத் தூக்கச் சொல்லுங்க."

"சொல்லுதேன். நாளைக்கு விழா முடியட்டும். பொறவு ஒரு குழு போட்டு, மெதுவா ஒரு அறிக்கை..."

"செப்சிஸ் குழு போட்டு வராது எஞ்சினியரே."

அவன் அரங்கத்துக்குப் போனான். நாளைக்குக் காட்சிமணி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்க வேண்டியிருந்தது. நாற்காலிகள் வரிசையாகப் போட்டுக் காலியாகக் கிடந்தன. யாரோ ஏசியைக் கூட்டி வைத்துவிட்டார்கள், பற்கள் தந்தியடிக்கின்றன என்று நினைத்தான். அணைக்கப் போனான். ஏசி ஓடவே இல்லை.

நாக்கால் கடைவாய்ப் பல்லைத் தொட்டான். நேற்று வரை உயிர் போன வலி. காலையிலிருந்து இல்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டிருந்தான். ஐந்து நாள். இரண்டு வேளை. மகராசன் தன் கையால் வெட்டிக் கொடுத்த செட்டு.

பேனரிலிருந்த தன் படத்தைப் பார்த்தான். அந்த ஆள் தன்னம்பிக்கையோடு நின்றான். கைப்பேசியின் முன்கேமராவில் காலரை விலக்கிப் பார்த்தான். பச்சை. அவ்வளவு சுத்தமான பச்சையை அவன் எந்தக் கழுத்திலும் பார்த்ததில்லை. கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டான். வெளுத்தது. காத்திருந்தான். வெளுப்பு அப்படியே இருந்தது.

தோலுக்குச் சற்றுத் தள்ளி, உள்ளே, எதுவோ மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

அவசரப்பிரிவுக்குப் போகும் வராந்தா காலையில் இவ்வளவு நீளமாக இல்லை. தூணுக்குத் தூண் நின்று நின்று போனான். நடுவில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் அந்த ஒற்றை வரிக் கட்டளையைத் தேடி எடுத்தான். எழுத்துகள் நெளிந்தன. ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. அந்தக் கேள்வியை வைத்ததும் அவன்தான். அழுத்தினான். யாருக்காக அழுத்தினான் என்று பிற்பாடு யாராவது கேட்டால் சொல்வதற்கு நல்லதாக ஒரு பதிலும் யோசித்துவைத்தான். பத்தடி நடப்பதற்குள் மறந்துபோயிற்று.

அவசரப்பிரிவில் ஜெபக்கனி மகராசனின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அலமாரி, யாரும் கழுத்தைக் காட்டாமலே, கட்டளை அப்போதுதான் வந்து சேர்ந்ததுபோல், டக்கென்று திறந்து நின்றது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அலமாரியைப் பார்த்தாள். பிறகு, நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"எஞ்சினியரே? என்ன, ஒரு மாதிரி இருக்கிய?"

நாயகம் சரியான சொல்லைத் தேடினான். வலியா என்றால் வலி இல்லை. சூடா என்றால் சூடு இல்லை. தலை, நெஞ்சு, வயிறு என்று வரிசையாக ஒவ்வோர் உறுப்பாகப் போய்த் தட்டிப் பார்த்தான். எல்லாம் நான் இல்லை, நான் இல்லை என்றன. பழக்கதோஷத்தில் காலரை விலக்கப் போன கையை அவள் பிடித்துக்கொண்டாள். அவள் கை கொதித்தது. இல்லை, அவன் கை அவ்வளவு குளிர்ந்திருந்தது.

"கழுத்த விடுங்க, நாயகம்" என்றாள். "வாயத் தொறந்து சொல்லுங்க. என்ன செய்யுது?"

பேனருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தணித்துக்கொண்டு அவன் சொன்னான்:

"என்னமோ செய்யுது."